காங்கிரீட் தரை இடைவெளியில் அடைத்த சீலன்ட் ஆறு மாதத்தில் உரிந்து வருகிறதே, ஏன்?

வீட்டு முன்னால் கார் நிறுத்த 12 மீட்டர் நீளத்துக்குத் தரை போட்டிருக்கிறீர்கள், நடுவில் இடைவெளி விட்டு சீலன்ட் (இடைவெளியை மூடும் ரப்பர் மாதிரிப் பசை) அடைத்தும் அது நாடா மாதிரி கையோடு வருகிறது என்கிறீர்கள். சரக்கு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் சரக்கின் மேல் தப்பு இருக்காது. அடைத்த விதத்தில் இருக்கும். இதே தப்பை நானே செய்திருக்கிறேன், அதுவும் ஒரு கோயிலில். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். 14 வருடமாக மொரிஷியஸில் காங்கிரீட் தரை வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே ஒரு முருகன் கோயிலில் வெளிப்பிராகாரத்துக்கு 100 மில்லிமீட்டர் கனத்தில் தரை போட்டோம். மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு போட வேண்டும் என்று சொன்னபோது கோயில் பெரியவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. 1960-இல் கரோல் புயல் அடித்து வீடுகள் பறந்ததைச் சிறு வயதில் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகுதான் இந்தத் தீவில் தட்டைக் கூரை காங்கிரீட் வீடுகள் பெருகின. "காங்கிரீட்தான் எங்களைக் காப்பாற்றுகிறது, அதை நீ ஏன் தம்பி அறுக்கிறாய்?" என்று கேட்டார். அறுக்காவிட்டால் அது தானே பிளந்துகொள்ளும் ஐயா, நாம் சொல்கிற இடத்தில் பிளக்கட்டும் என்றுதான் அறுக்கிறோம் என்று விளக்கி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன். மறுநாள் காலையிலேயே கட்டர் வைத்து, கனத்தில் கால் பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்தோம்.

அதெல்லாம் சரியாகத்தான் செய்தோம். கொடிமரப் பீடத்தைச் சுற்றியும் சுவரோரத்திலும் 12 மில்லிமீட்டர் ஷாலிடெக்ஸ் போர்டு, அதாவது தார் ஊறிய, அழுத்தினால் அமுங்கும் பலகை வைத்தோம். முழுக் கனத்துக்கும் வைத்தோம், பாதியோடு நிறுத்தவில்லை. இந்தப் போர்டு இல்லாமல் தரையைப் பீடத்தோடு ஒட்டிப் போட்டால் பீடத்தின் நான்கு மூலையிலிருந்தும் விரிசல் கிளம்பும். உங்கள் போர்டிகோ தூணுக்கும் இதே கதைதான், ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கடைசியில் அடைக்கிற வேலையில்தான் கோட்டை விட்டேன். நாள் நெருக்கடி, செலவு நெருக்கடி. இடைவெளியில் காய்ச்சிய தாரை ஊற்றி மட்டம் செய்துவிட்டேன். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அதுதான் இந்தத் தீவுக்குக் கோடை. ஆற்றங்கரையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்த கூட்டம் மதியம் பிராகாரத்துக்குள் நுழைந்தது. தார் இளகியிருந்தது. பால்செம்பைத் தலையில் வைத்திருந்த ஒரு பாட்டியின் பாதத்தில் தார் அப்பிக்கொண்டது. அவர் நிற்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை, நேர்த்திக்கடனை முடித்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து எடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வரை மறக்கவில்லை.

சரி என்று தாரை மேலாகச் சுரண்டிவிட்டு அதே போர்டின் மேல் பாலியூரித்தேன் சீலன்ட் அடித்தேன். நான்கே மாதத்தில் உரிந்தது. உங்களுக்கு நடந்தது அப்படியே எனக்கும் நடந்தது. காரணம் இரண்டு. ஓரத்தில் தார்ப்பிசுக்கும் காங்கிரீட் தூசியும் இருந்தால் சீலன்ட் கல்லைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். இன்னொன்று, சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டவே கூடாது. அடி விட்டிருந்தால் இடைவெளி விரியும்போது நடுவில் மெலிந்து நீளும். அடியையும் பிடித்துக்கொண்டால் மெலிய வழியில்லை, ஓரத்தில் கிழியும். கணக்கும் பெரிதில்லை. பத்து மீட்டர் காங்கிரீட் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். இடைவெளியின் அகலத்தில் 25 சதவீத அசைவைத் தாங்கும் சீலன்ட் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த 3 மில்லிமீட்டரைத் தாங்கிவிடும், ஒட்டிய விதம் சரியாக இருந்தால்.

மூன்றாவது முறை போர்டை மேலிருந்து 25 மில்லிமீட்டர் அறுத்தெடுத்தோம். இரண்டு ஓரத்தையும் கிரைண்டரால் புதுக் கல் தெரியும்வரை தேய்த்து, காற்றடித்து, சீலன்ட் நன்றாக ஒட்டுவதற்கான அடிப்பூச்சான பிரைமர் தடவினோம். பிறகு 15 மில்லிமீட்டர் பேக்கர் ராடை 12 மில்லிமீட்டர் இடைவெளியில் அழுத்தி இறக்கினோம். நுரைக் கயிறு மாதிரி இருக்கும், சீலன்ட் அதில் ஒட்டாது. கூர்முனையால் குத்தி இறக்காதீர்கள், கிழிந்தால் உள்ளிருக்கும் காற்று மேலே குமிழியாக வரும். அதன் மேல் சாம்பல் நிறச் சீலன்ட், அகலத்தில் பாதிக் கனம், தரைமட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே. ஆணிப் பாதுகை போட்டு வருகிற பக்தர்களும் உண்டு என்பதால் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

எஞ்சினியர்கள் வந்து, சின்ன முற்றத்துக்கு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (தரை நீள இடம் விட்டுப் போர்டு வைக்கிற இடைவெளி) எதற்கு, அறுத்த வெட்டு போதுமே என்பார்கள். நடுத்தரையைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் சுவர், தூண், படிக்கட்டு தொடுகிற இடத்தில் அந்த இடைவெளியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் பாலிடெக்னிக் கூட முடிக்காதவன் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள், முட்டி போட்டு இதை அடைத்தவன் நான்.

அடைக்கிற ஆளுக்குத்தான் எங்கும் கடைசி மரியாதை. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் பணம் கொடுத்து முடித்த பிறகுதான் எங்கள் நினைவே வரும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு விமான டிக்கெட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தேதி வந்ததும் வேலை முடியவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். தங்கை கல்யாணத்தை வீடியோவில்தான் பார்த்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உரிந்த நாடாவைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தால் சுத்தம் செய்யாமல் அடைத்திருக்கிறார்கள். அடியில் மணலோ தெர்மாகோலோ பிய்ந்து வந்தால் பேக்கர் ராடு வைக்கவில்லை. தரை போட்டு 28 நாள் ஆவதற்குள் அடைத்திருந்தாலும் காங்கிரீட் சுருங்கி இழுத்திருக்கும். எதுவானாலும் பழையதன் மேல் புதிதாகப் பூச வேண்டாம். முழுவதும் அறுத்தெடுத்து, மழை விட்டு ஓரம் நன்றாகக் காய்ந்த பிறகு, மதியம் தாண்டி வெயில் இறங்குகிற நேரத்தில் அடையுங்கள்.