ஜீப்புக்கு எந்தக் கருவிகள் வேண்டும்? கேள்வியும் பதிலும்

நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்கள் பராமரிப்புக் கருவிகளைப் பற்றிக் கேட்டவற்றில், பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன். பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி, புதிய மஹிந்திரா தார் மூன்றையும் மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, புதிதாகத் தார் வாங்கியிருக்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மதுரை)

வேண்டாம், தம்பி. அந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி சின்னத் திருப்புளி முனைகள்தான். உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் அளவுகள் பத்தோ பன்னிரண்டோதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஸ்டெப்னியை இறக்கி மாட்டுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். அடியில் இருக்கும் தட்டை அவிழ்த்துப் பாருங்கள். எந்த ஸ்பேனர் கைக்கு வந்ததோ அது கித்தான் பைக்குள் போகட்டும். மற்றவை வீட்டில் இருக்கட்டும். பெரும்பாலும் 10, 12, 13, 14, 17, 19 மி.மீ. அளவுகளிலேயே வேலை முடிந்துவிடும். சாக்கெட் வாங்கும்போது ஆறு முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான் கதி.

என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். ஒரு போல்ட்டுக்கு ஒரு ஸ்பேனர் சேருகிறது, பக்கத்து போல்ட்டுக்குச் சேரவில்லை. ஏன்? (போடிநாயக்கனூர்)

உங்கள் வண்டி இரண்டு பரம்பரைகளின் கலப்பு. எஞ்சின் பியூஜோ வடிவமைப்பு, அங்கே மில்லிமீட்டர். சேஸியும் அச்சும் பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழி வந்தவை, அங்கே அங்குலம். இத்தனை ஆண்டுகளில் மெக்கானிக்குகள் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; அங்கே 19 ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும், கவலையில்லை. அரை அங்குலம் 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் நுழையும், ஆனால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். இறுகிப்போன போல்ட்டில் அந்த ஆட்டம்தான் தலையை வழுக்கிவிடும். 9/16 அங்குலம் 14.29 மி.மீ.; 14 நுழையாது, 15 சுற்றும். ஆகவே 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 என அங்குல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று உங்களுக்குக் கட்டாயம். டபாரியா போன்ற நல்ல தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள்; சென்னையில் என்றால் லிங்கிச் செட்டித் தெருவில் தேடலாம்.

இன்னொன்று. வில்லிஸ் வழி வந்த பல பழைய ஜீப்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மறை இருக்கும். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஸ்டட் (நட்டு ஏறும் மறை முளை) நுனியைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இது தெரியாமல் ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்கி, ஸ்டட்டையே முறித்தவர்கள் உண்டு.

நான் தனியாக ஓட்டுகிற பெண். டயர் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டை என்னால் அசைக்க முடியவில்லை. என்ன வழி? (கோத்தகிரி)

அம்மா, இதில் பலத்தைவிடக் கைப்பிடியின் நீளம்தான் கணக்கு. கால் மீட்டர் கைப்பிடியின் நுனியில் 48 கிலோ அழுத்தினால் கிடைக்கும் முறுக்கு விசை, அரை மீட்டர் கைப்பிடியில் 24 கிலோவிலேயே கிடைத்துவிடும். அரை அங்குலச் சதுரம் கொண்ட நீளமான பிரேக்கர் பாரும் (இறுகிய நட்டைத் தளர்த்தும் கைப்பிடி), உங்கள் நட்டுக்குரிய சாக்கெட்டும் வாங்குங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ரெஞ்ச். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அடுத்த முறை டயர் கடையில் ஏர் கன்னைத் தவிர்த்து, உங்கள் ரெஞ்சால் உங்கள் முன்னாலேயே இறுக்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

வண்டியுடன் வந்த ஜாக்கி போதாதா?

தார்ச்சாலைக்குப் போதும். மண்ணில் புதைந்துவிடும். மூன்று டன் பாட்டில் ஜாக்கியும், அதற்கு அடியில் போட ஓர் அடிச் சதுரத் தடித்த பலகையும் வையுங்கள். ஸ்பிரிங் பட்டை வண்டியில் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்தால் கொஞ்சம் தூக்கினாலே சக்கரம் எழும்பும். சேஸியில் வைத்தால் அச்சு தொங்கிக்கொண்டே வரும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலுள்ள ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதும் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக அது தாராளமாகச் சுற்றும், வண்டி உருண்டுவிடும். தரையில் உள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, ஹப் லாக் (முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். அடியில் படுக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டு இல்லாமல் படுக்காதீர்கள்.

டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா? (வால்பாறை)

முடியும், செய்யவும் வேண்டும். ஓடையைக் கடக்கும் வண்டிகளுக்கு இது எஞ்சின் ஆயிலைப் போலவே முக்கியம். பிளக்குக்குச் சரியாகப் பொருந்தும் சாவி, ஒரு தட்டு, கை பம்பு, புதிய செம்பு வாஷர் இருந்தால் போதும். முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைத் திறங்கள். அது கழலும் என்று உறுதியான பிறகே கீழே உள்ளதைத் திறக்க வேண்டும். முறை மாறினால் ஆயிலைக் கொட்டிவிட்டு நிரப்ப வழியின்றி நிற்பீர்கள்.

வெளிவரும் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேலே உள்ள பிரீதர் குழாய் (காற்று போய்வரும் வழி) அடைத்திருக்கும், அல்லது சீல் போயிருக்கும். காந்தப் பிளக்கில் மாவுபோன்ற கறுப்புப் பொடி இயல்பு. விரலில் குத்தும் சில்லு இருந்தால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பொதுவாக இங்கே 80டபிள்யூ-90 தடிப்பில், ஜி.எல். 5 ரகக் கியர் ஆயில் போகும். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ வளையம் பித்தளையாக இருந்தால் சில ஜி.எல். 5 ஆயில்கள் அதை அரிக்கும், கையேடு ஜி.எல். 4 என்றால் ஜி.எல். 4தான்.

கிரீஸ் கன் தேவையா? சர்வீஸில் அடிப்பார்களே.

ஜிப்ஸிக்கும் பழைய ஜீப்புக்கும் தேவை. நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள், இல்லையென்றால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். ஷாஃப்ட் மூட்டிலுள்ள யூ.ஜே. கிராஸின் நான்கு கிண்ணங்களிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் அடுத்துப் போகப்போவது அதுதான்.

மணலில் காற்றை இறக்கி ஓட்டச் சொல்கிறார்கள். திரும்ப ஏற்ற எந்த கம்ப்ரஸர்?

பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகை. சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பெரிய டயருக்குத் திணறும், ஃப்யூஸும் போகும். நம்பகமான காற்றழுத்த மானி ஒன்று தனியாக இருக்கட்டும்.

சிக்கிய வண்டியை இழுக்க?

எடை குறிப்பிட்ட ஷாக்கிள் எனும் பட்டை மாட்டும் இரும்பு வளையம் இரண்டு (முக்கால் அங்குலத்துக்கு 4.75 டன் என்று பொறித்திருக்கும்), அகலமான பட்டை, தோல் கையுறை. பொறிப்பில்லாத ஷாக்கிளைத் தொடவே தொடாதீர்கள். டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டில் பட்டையை மாட்டக் கூடாது. அது முறிந்து பறந்தால் ஆளைக் கொல்லும்.

உதிரிப் பாகங்களில் எதைச் சுமப்பது? (கூடலூர்)

ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ஒரு யூ.ஜே. கிராஸ், ஃப்யூஸ்கள், ஹோஸ் கிளிப்புகள், பிரேக் ஆயில், கட்டுக் கம்பி, இன்சுலேஷன் டேப், பஞ்சர் ஒட்டும் கருவி, தலையில் கட்டும் விளக்கு. பி.எஸ். 4 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகான வண்டியென்றால் கைப்பேசியோடு இணையும் சிறிய ஓ.பி.டி. கருவியும் (வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்வது) வையுங்கள், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும். புதிய பெல்ட்டை வாங்கியதும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, சேர்ந்த பிறகு கழற்றிப் பையில் போடுங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு நீளப் பெல்ட் இருப்பது வழக்கம். அதைக் காட்டுக்குள் கண்டுபிடிக்க வேண்டாம்.