பாதிச் சம்பள வேலைக்குச் சம்மதித்தால் அது விசுவாசக் குறைவா?

கேள்வி: ஐயா, நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். என் கணவர் பீன்யாவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார். அதை மூடி 14 மாதம் ஆகிறது. தினமும் ஜெபிக்கிறேன். எனக்குச் சர்க்கரை இருந்தாலும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன். இப்போது பொம்மசந்திராவில் ஸ்டோர்ஸ் வேலை ஒன்று வந்திருக்கிறது. பழைய சம்பளத்தில் பாதிதான். "கர்த்தர் பெரிதாக வைத்திருக்கிறார், அவசரப்படாதீர்கள்" என்கிறார்கள் சபையில் சிலர். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதே அவிசுவாசம் என்கிறார் இன்னொருவர். என் கணவரோ யாரிடமும் பேசாமல் படுத்தே கிடக்கிறார். எனக்கு முழங்கால் போட்டால் வார்த்தையே வருவதில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, அந்த வேலைக்குப் போகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். யாக்கோபு தன் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பொறுமைக்குக் காட்டும் ஆள் ஒரு பயிரிடுகிறவன். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான் என்கிறார். இஸ்ரவேல் நாட்டில் முன்மாரி அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும், விதைப்புக்கு. பின்மாரி மார்ச், ஏப்ரலில், கதிர் முற்றுவதற்கு. நடுவில் மாதக்கணக்கு. மழையைப் பெய்ய வைக்க அவனால் ஆகாது. ஆனால் உழவும் விதைப்பும் அவன் கையில் இருக்கின்றன, அதை அவன் விடுவதில்லை. உங்கள் வீட்டில் இன்று கைக்கு வந்திருக்கும் உழவு, பொம்மசந்திராதான். பெரிய வேலைக்காக அங்கே போய்க்கொண்டே ஜெபிக்கலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் மாரிக்குப்பத்துப் பையன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அப்பா அங்கே வேலை பார்த்தவர். சுரங்கம் திறக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் வருடக்கணக்காக ஜெபித்தோம். இதற்கிடையில் அப்பா விடியும் முன்னே டிபன் கேரியரோடு ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தார். வயசுப் பையனான எனக்கு அது அவமானமாக இருந்தது, ஜெபத்தில் தோற்றுப்போனதாகவும் தோன்றியது. சுரங்கம் திறக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நாங்கள் படித்தோம். அந்தப் பதிலை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆயிற்று.

சரி, திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசமா? கெத்செமனேயில் ஆண்டவரே என்ன செய்தார் என்று மத்தேயு 26:44-ல் பாருங்கள். மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. அதே வார்த்தைகள்! லூக்கா 18-ல், அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போய் நியாயம் கேட்ட விதவையின் உவமையை ஆண்டவர் சொன்னதும்கூட, சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காகத்தான். அந்த அநீதியுள்ள நியாயாதிபதியைப் போலத் தேவனையும் தொல்லை கொடுத்தே வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் பிரசங்கிப்பதைக் கேட்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உவமை நேர் எதிர்ப்பக்கம் போகிறது: அப்பேர்ப்பட்டவனே கடைசியில் கேட்டான் என்றால், உங்கள் பிதா கேட்க மாட்டாரா? மத்தேயு 6:7-ல் ஆண்டவர் தடுப்பது வேறொன்றை. அதிகம் பேசினால்தான் கேட்கப்படும் என்ற எண்ணத்தை.

வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம், இரண்டு நிமிஷம் ஆகாது. "எதுவரைக்கும்" என்ற சொல் முதல் இரண்டு வசனத்திலேயே நான்கு தடவை வருகிறது. கேள்வி கேட்கிற அந்த ஜெபத்தை வேதம் வெட்டி எறியவில்லை, பாட்டாக வைத்திருக்கிறது. அம்மாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தச் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி தேதியாகக் குறித்திருக்கிறார். இடம் போதாமல் சில தேதிகள் குறுக்கே ஓடுகின்றன. ஒரு தேதியின் பக்கத்தில் மட்டும் "அரிசி வந்தது" என்று எழுதியிருக்கிறது. நீங்களும் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு என்றாலும் சரி. முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள்.

சபையில் பேசுகிறவர்கள் மேல் கோபம் வேண்டாம். பிள்ளையில்லாத அன்னாள் ஒரு குழந்தைக்காக உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனான ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். நானும் ஊழியத்தின் ஆரம்பத்தில் ஒரு தாயிடம் "விசுவாசம் போதவில்லை" என்று சொன்னவன்தான். இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன். அன்னாளைப் பற்றி எனக்குப் பிடித்த வசனம் 1 சாமுவேல் 1:18. ஜெபித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அப்போது கையில் குழந்தை இல்லை, வயிற்றிலும் இல்லை.

உங்கள் கணவர் படுத்தே கிடக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை. தூக்கம், சாப்பாடு கெட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தேவைப்பட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டரிடம் போவது ஜெபத்தை விட்டுவிடுவது ஆகாது. சாகவேண்டும் போல இருக்கிறது என்று அவர் வாயில் வந்தால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். உங்கள் டாக்டரைக் கேட்கும்வரை உபவாசத்தை நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள். முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை.