ஜனவரியில் ஓலசுண்ட்

அன்புள்ள ஐயா,

வரும் ஜனவரியில் நானும் மனைவியும் நார்வே கடற்கரையோரமாகக் கப்பலில் போகிறோம். ஓலசுண்ட் நகரில் கப்பல் சில மணி நேரம் நிற்கும். பஸ்ஸில் ஊர் சுற்றிக்காட்டத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நடந்தே பார்க்க எனக்கு ஆசை. “இருட்டிலும் குளிரிலும் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்கிறார் மனைவி. இருவருக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது. என்ன செய்யலாம்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

இறங்கி நடங்கள். கப்பல்துறையிலிருந்து ஊரின் மையம் சில நிமிட நடைதான். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த ஊரின் சுவர்கள் உங்களுக்குப் பிடிபடாது.

அதை ஜனவரியில் பார்ப்பதற்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. 1904 ஜனவரி 23, அதிகாலை இரண்டு மணியளவில் ஒரு தொழிற்கூடத்தில் தீப்பிடித்தது. அன்று புயல்காற்று. நெருக்கியடித்து நின்ற மரவீடுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டன. ஏறத்தாழ 850 வீடுகள் எரிந்துபோயின. பத்தாயிரம் பேர் நடுக்குளிரில் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் உயிரிழந்தவர் ஒரே ஒருவர்தான். இதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறது. அந்த இரவில் யார் யார் கதவைத் தட்டி எழுப்பியிருப்பார்கள், எந்தக் கிழவரை யார் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்!

ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கப்பல்களில் உதவி அனுப்பினார். அவர் பெயரில் அங்கே இன்றும் ஒரு தெரு உண்டு. இனி மரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. 1907க்குள் ஊர் பெரும்பாலும் கல்லிலும் செங்கல்லிலும் எழுந்துவிட்டது, அப்போது ஐரோப்பாவில் புதிதாயிருந்த ஆர்ட் நூவோ பாணியில். கோபுர முனைகள், வளைந்த ஜன்னல்கள், சுவரில் பூவும் முகமுமாகச் செதுக்கிய வேலைப்பாடு. புருசுண்டெட் கால்வாயோரம் மெதுவாக நடந்து, வாசல்களின் மேற்புறத்தை அண்ணாந்து பாருங்கள். பழைய அன்னப்பறவை மருந்துக்கடை இப்போது அந்தப் பாணிக்கான அருங்காட்சியகம். குளிர் தாங்காவிட்டால் அங்கே ஒதுங்கலாம்.

இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பகல் சுமார் ஆறு மணி நேரம் இருக்கும். அதன் இரு முனைகளிலும் நீலம் பாய்ந்த அரைவெளிச்சம் வெகுநேரம் நீடிக்கும். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் விளக்கேற்றிய ஜன்னல்கள் கால்வாய் நீரில் இறங்கி நிற்பதைக் கோடையில் போகிறவர்கள் பார்க்க முடியாது. குளிரும் நீங்கள் அஞ்சுகிற அளவு கொடியதல்ல. கடல்நீரோட்டம் தரும் வெதுவெதுப்பால் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பகலில் உருகிய பனி இரவில் உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடியாகிவிடும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டைகளை அங்கே ‘பிரொட்டர்’ என்பார்கள். உள்ளூர் முதியவர்களே அதில்லாமல் வெளியே வரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி முதலில் வாங்குங்கள்.

ஊர்ப் பூங்காவிலிருந்து அக்ஸ்லா குன்றின் மேல் ஏற 418 படிகள். நான் ஏறிய நாளில் காற்று முகத்தில் அறைந்தது. கீழே மூன்று பக்கமும் கடல், நடுவே ஒட்டி நின்ற கூரைகள். தீ எவ்வளவு வேகமாகத் தாவியிருக்கும் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. படிகளில் பனி இறுகியிருந்தால் ஏறாதீர்கள். மேலே வரை சாலை உண்டு, டாக்ஸியில் போய்விடலாம். உங்கள் மனைவியை அவசியம் அழைத்துப் போங்கள்.