அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை, மேலூர் அண்ணனுக்கு

அண்ணே, நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். பாப்பா பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ், மார்க்கும் குறைவில்லை, ஆனால் லீவு விட்டால் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு மனிதரும் மிருகமும் சேர்ந்த படம் எடுக்கக் கிடை மாட்டுக்குப் பின்னால் போய்விடுகிறாள், தாய்மாமன் கோயம்புத்தூரில் ஏஐ படிப்புக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசிவிட்டார், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டணும். பதற்றம் புரிகிறது. இருந்தாலும் ஆறுதல் சொல்லி அனுப்ப மனசில்லை: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

மச்சான் சீர் செய்யட்டும், சீட்டு வாங்க வேண்டாம். விருப்பமில்லாமல் சேர்ந்து அரியர் விழுந்தால் அவர் வந்து வட்டி கட்டப்போவதில்லை. கடனுக்கு அடகு வைக்கும் வீட்டுப் பத்திரம் உங்களுடையது.

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிப்பு பற்றி நாலு பேர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன். நான் சொல்வது பி.எஸ்சி. விலங்கியல். டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் படிப்பது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதேதான்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றைப் பாருங்கள், மாட்டின் முன்னங்காலை ஒட்டி உண்ணிக்கொக்கு நிற்கிறது, பின்னால் கிடை மேய்க்கும் கீதாரி தூக்குவாளியைத் திறக்கிறார். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிக்காகத்தான் கொக்கு அங்கே நிற்கிறது. அது தெரிந்தவர் முன்கூட்டியே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார், தெரியாதவர் பறந்துபோன கொக்கைத்தான் எடுப்பார். அழகர்கோவிலில் பல்லைக் காட்டும் குரங்கை 'சிரிக்கும் குரங்கு' என்று போட்டு லைக் வாங்குகிறார்களே, பெரும்பாலும் அது பயம், அல்லது பெரிய குரங்குக்குப் பணிந்துபோவது. பக்கத்தில் செல்ஃபி எடுக்கும் ஆளையும் சேர்த்து எடுத்தால் அது வேறு படம். இந்த வித்தியாசத்தைக் கேமரா கிளாஸில் சொல்லித்தர மாட்டார்கள், விலங்கு நடத்தை பாடத்தில் சொல்லித்தருவார்கள். காட்டு விலங்குகளைப் படமெடுத்துப் பேர் வாங்கிய மா. கிருஷ்ணன் படித்தது தாவரவியலும் சட்டமும்.

இடத்துக்கும் அலைய வேண்டாம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது. பாறையில் வல்லூறு, கீழே கண்மாய், குடைவரைக் கோயில், ஆடு மேய்ப்பவர்கள், எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வரும்.

மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரியில், உதவி பெறும் பிரிவிலேயே இடம் பிடியுங்கள். சுயநிதிப் பிரிவு என்றால் கட்டணக் கணக்கே வேறு. அப்புறம் மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. ஆய்வுத் திட்டங்களில் கேமரா டிராப் (விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா) வைக்கவும் களப்பதிவு எடுக்கவும் ஆள் எடுப்பார்கள். வனத்துறைத் தேர்வுகளுக்கும் விலங்கியல் பட்டம் செல்லும்.

சம்பளம் ஆரம்பத்தில் கம்மிதான், மறைக்கவில்லை. முகூர்த்த நாளில் கல்யாணத்துக்குப் படமெடுத்தால் கைச்செலவுக்கு ஆகும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பெரிய லென்ஸ் கேட்டால் மட்டும் வாங்கித்தராதீர்கள், ஈஎம்ஐயிலும் கூடாது. மனிதரும் மிருகமும் சேர்ந்திருக்கும் படத்துக்குச் சுற்றுப்புறம் தெரியணும், கேமராவோடு வந்த லென்ஸ் போதும். சரணாலயத்துக்குள் அனுமதி வாங்காமல் போகக்கூடாது, பறவைக் கூட்டருகே போய்ப் படமெடுக்கக்கூடாது, இரண்டையும் இப்போதே சொல்லிவையுங்கள். 'பொம்பளப்பிள்ளை காட்டுக்குள் தனியாகவா' என்று அத்தை கேட்பார்கள். களவேலைக்குப் பெரும்பாலும் குழுவாகத்தான் போவார்கள், அதைச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி மச்சானுக்குப் போன் போடுங்கள். நீங்களே பேசுங்கள், பாப்பாவைப் பேசவிடாதீர்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், திரும்ப வாங்க என்ன வழி என்று பார்ப்போம்.