ரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. அவருடைய அண்ணன் பெருங்குடல் புற்றுநோயில் 48 வயதில் தவறிவிட்டார். குடலில் நல்ல பாக்டீரியா குறைந்தால் இந்த நோய் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து வீட்டில் புரோட்டா, அல்வா, கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டேன். மூன்று மாதமாகப் புரோபயாட்டிக் கேப்சூல் கொடுக்கிறேன். மலத்தை அனுப்பி பாக்டீரியா பரிசோதனை செய்யலாமா? அவருக்கு மூலம் உண்டு, அவ்வப்போது ரத்தம் போகும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். போன மாதம் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்ததால் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார்.
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்த 8.6-ஐ முதலில் பார்ப்போம். ஆணுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் குறையக் கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் என்ற காரணம் இருக்கிறது. ஆணுக்கு இரும்புச்சத்து இறங்கினால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். நீங்கள் மாத்திரை கொடுத்து நம்பரை ஏற்றப் பார்க்கிறீர்கள். தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிற கதை அது.

மூல ரத்தம் பளிச்சென்று சிவப்பாக, மலம் கழித்த பின் சொட்டும். எப்போதாவது சொட்டும் ரத்தம் ஹீமோகுளோபினை 8.6 வரை இறக்குவது அபூர்வம். ஆனால் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால் பெரும்பாலும் வலி இருக்காது, கண்ணுக்கு ரத்தமும் தெரியாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, அவ்வளவுதான் வெளியே தெரியும். மூலம் இருக்கிறது என்பதால் அதற்கு மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மெடிக்கலில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிய வழியில்லை. அவர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தாரா? நம் நாட்டில் குடல் புற்றுநோயில் கணிசமானவை மலக்குடலில்தான் வருகின்றன. அவற்றில் பல, மருத்துவரின் விரலுக்கே எட்டும். ஒரு நிமிடச் சோதனை அது.

இது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. இரைப்பைப் புண், வலி மாத்திரை, வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழு, எல்லாமே இப்படி ரத்தத்தை உறிஞ்சும். ஆனால் கூடப்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருஷம் முன்போ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்திருக்க வேண்டும். உங்கள் கணவர் அந்த வயதைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. இனி ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய், அண்ணனுக்கு வந்த நோயை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும்) அளவோடு ரத்தப் பரிசோதனை, இரைப்பை எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி மூன்றையும் கேளுங்கள். தேதி கிடைத்ததும், அதற்கு ஏழு நாள் முன்பே சத்து மாத்திரையை நிறுத்த வேண்டும். இரும்பு மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் தார் போல ஒட்ட வைக்கும், பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி விதை, எள் வேண்டாம். பேதிப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை முந்தின நாள் சாயங்காலமும் மீதியைச் சோதனை நாளன்று அவர்கள் சொல்லும் நேரத்திலும் குடிக்க வேண்டும். பலர் பாதியோடு நிறுத்திவிட்டு, குடல் சுத்தமாகாமல் இன்னொரு நாள் வரச் சொல்லித் திரும்புகிறார்கள். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை) இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். அந்த அவகாசத்துக்குள் எடுத்துவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம்.

பாக்டீரியா விஷயம் பொய்யல்ல. நாம் ஜீரணிக்க முடியாத நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கு நிறையப் பித்தநீர் சுரக்கும், அதைச் சில பாக்டீரியாக்கள் செல்லைப் புண்ணாக்கும் பொருளாக மாற்றும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வகை, செல்லின் மரபணுவையே சேதப்படுத்தும் நஞ்சை உண்டாக்குகிறது. ஆனால் இவையெல்லாம் பல வருஷத்தில் நடக்கிற வேலை. கேப்சூல் இதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, நிறுத்திவிடுங்கள். தபாலில் அனுப்பும் பாக்டீரியா பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் உங்கள் கணவருக்குச் சிகிச்சை முடிவு செய்ய மாட்டார். அந்தப் பணத்தைச் சோதனைச் செலவுக்கு வையுங்கள்.

அல்வா, கருவாடு பயம் வேண்டாம். புரோட்டா எப்போதாவது சாப்பிடலாம். தினமும் ராத்திரி அதுவே சாப்பாடு என்றால் நார்ச்சத்துக்கு இடமில்லாமல் போகிறது, அதுதான் கெடுதல். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சமைத்த எடையில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை விட்டுவிடலாம். தினம் 50 கிராம் சாப்பிட்டால் இந்த நோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-ல் சொன்னது. மதுவும் பீடி சிகரெட்டும் நிச்சயமான காரணங்கள், இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

நார்ச்சத்து நாளைக்கு 30 கிராம் வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராம்தான், கேழ்வரகிலும் கம்பிலும் 11, தோலோடு முழுக் கருப்பு உளுந்தில் 20. நம்ம ஊர் உளுந்தஞ்சோறு, முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, பனங்கிழங்கு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆனால் சோதனை முடியும்வரை இவற்றைக் கூட்டாதீர்கள். உள்ளே அடைப்பு ஏதும் இருந்தால் நாரே சிக்கலாகிவிடும். பிறகும் இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக, தண்ணீரும் சேர்த்துக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வாயுத் தொல்லைதான் மிஞ்சும்.

சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் சத்து மாத்திரையை மறுபடி தொடங்கலாம், அடுத்த கொலோனோஸ்கோபி ஐந்து வருஷம் கழித்து. இதற்கிடையில் மலம் தார் போல நாற்றத்தோடு போனாலோ, வயிறு உப்பி வாந்தியோடு காற்றுகூடப் பிரியாமல் நின்றாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.