'ஏஞ்சல்: ஆஃப்டர் தி ஃபால்' காமிக்ஸில் கன் ஏன் ஏஞ்சலுக்கு எதிரியாகிறான்?

முழுக் கதையும் இதில் வரும், படிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆன்மா உள்ள ரத்தக்காட்டேரியான ஏஞ்சலும் அவன் கூட்டாளிகளும் ஒரு சந்தில் அரக்கர் படையோடு மோதும் சண்டையோடு 2004-இல் 'ஏஞ்சல்' டிவி தொடர் முடிந்தது. 2007-இல் தொடங்கிய காமிக்ஸ் அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறது. உல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் என்ற தீய சட்ட நிறுவனத்தின் மேலிடம் பழிவாங்க லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தையே நரகத்துக்கு அனுப்பிவிட, ஏரியாவுக்கு ஒரு அரக்கன் பிரபுவாகிவிடுகிறான்.

சந்துச் சண்டையில் சாகக் கிடந்த கூட்டாளி கன்னை ரத்தக்காட்டேரிகள் தங்களில் ஒருவனாக மாற்றிவிடுகின்றன. வாழ்நாள் முழுக்க எதை வேட்டையாடினானோ அதுவாகவே ஆகிவிட்டான், அதற்கு ஏஞ்சல்தான் காரணம் என்ற கோபம் வேறு. ஆன்மா போன பிறகும் தன்னை நல்லவன் என்றே நம்புகிறான் பாருங்கள், அதுதான் எனக்குப் பயங்கரமாகப் பட்டது. இன்னொரு பக்கம் ஏஞ்சல் மனிதனாகிவிட்டான். மாயத்தால் அதை மறைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாகத் திரிகிறான். மகன் கானர் வேறிடத்தில் மக்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். ஏஞ்சலைப் போலவே ஆன்மா உள்ள ரத்தக்காட்டேரி ஸ்பைக் பெவர்லி ஹில்ஸில். கூட்டாளி வெஸ்லி செத்தும் அந்தக் கம்பெனியிலிருந்து விடுதலை இல்லை, ஆவியாக வேலை பார்க்கிறான்.

கடைசியில் கானரையே கன் கொன்றுவிடுகிறான். மேலிடத்துக்கு ஏஞ்சல் உயிரோடு வேண்டும் என்பதால் ஏஞ்சல் வேண்டுமென்றே கன் கையால் சாகிறான், மேலிடமும் வேறு வழியில்லாமல் காலத்தைப் பழைய சந்துச் சண்டைக்கே திருப்புகிறது. கானர் பிழைக்கிறான், கன் மறுபடி மனிதன். ஆனால் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது.