செவ்வரத்தை மொட்டு விரிய முன்னமே விழுகிறதென்றால்

உரம் இப்போதைக்கு வேண்டாம், தண்ணீர் விடும் முறையை மாற்றுங்கள். ஆவணி வெயிலில் செவ்வரத்தை நிறைய மொட்டு வைத்தும் எல்லாம் மஞ்சளாகி விழுகிறது, தினமும் குழாயால் தெளிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெளிப்பு மேல்மண்ணைத் தாண்டாது. கிளிநொச்சிப் பக்கம் இந்த நாளில் அடிக்கிற சோழகக் காற்று இலையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போக, வேர் ஈடுகொடுக்க முடியாமல் செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான்.

அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி, விடியற்காலையில் வாளியால் ஆற அமர ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் முழுதாக விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். மேலே வைக்கோல் பரப்பலாம், தண்டில் முட்டாமல்.

அதற்கு முதல் ஒன்று செய்யுங்கள்: விழுந்த மொட்டொன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே அரிசிக் குருணையிலும் சின்னதாக மஞ்சள் புழு நெளிந்தால் அது மொட்டு ஈ, தண்ணீரால் தீராது. மஞ்சளான மொட்டுகளைத் தினமும் பொறுக்கி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைக் குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கித் திரும்பவும் ஈயாக வரும்.

அடுக்குச் செவ்வரத்தையா, ஒற்றையா என்று நீங்கள் சொல்லவில்லை. அடுக்கு என்றால் எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். வளவு முழுக்கக் காய்ந்து கிடக்கிற இந்த மாதத்தில் ஒற்றைச் சிவப்புத்தான் நம்பிக்கையாகப் பூக்கும், எனக்கு அதுதான் அழகும்கூட. கொப்பு வெட்ட நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள், பூ வருவது புதுத் துளிரில்தான்.